துடைப்பியல்

காரின் மேல் சும்மா படிந்து கிடக்கும் தூசு காருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. அதைத் துடைக்கப் புறப்படும் கைதான் செய்கிறது. இதுவே இவ்வாய்வின் துணிபு. சென்னை அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் விடியற்காலை நடப்பதைக் கண்டவர் இதை மறுக்கமாட்டார். அரை வாளித் தண்ணீர், கிழிந்த பனியன் ஒன்று, வரிசையாகக் கார்கள். ஆறாவது காருக்கு வரும்போது வாளியில் இருப்பது தண்ணீர்தான் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

முதற்கண் பொருளின் இயல்பு. இக்காலக் காரின் வண்ணத்துக்கு மேலே நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. பட்டறையில் 'கிளியர் கோட்' என்பர். கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். தலைமுடிகூடப் பெரும்பாலும் இதைவிடத் தடிமன். தூசில் கலந்த மணலோ பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினத்தன்மைக்கான மோஸ் அளவையில் 7, கண்ணாடியையே கீற வல்லது. பனியன் சுழலும்போது மணலும் உடன் சுழல்கிறது. கறுப்புக் காரை இரவில் தெருவிளக்கடியில் நிறுத்திப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி நுண்கீறல்கள் சிலந்தி வலை பின்னியிருக்கும்.

அற்றேல், குழாய் வைத்தே கழுவலாமே எனின், அற்றன்று. 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. பெங்களூரிலோ 2024 மார்ச்சில், குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமே அறிவித்தது. காய்ந்த தூசைத் தட்டித் தள்ளும் டஸ்டர் மரபினரும் உளர். அவர்களுக்கு மறுப்பு எழுதுவது காகிதத்துக்குக் கேடு.

இனி, தண்ணீரின்றித் துடைக்கும் முறை. வண்டி நிழலில் நிற்க, தகடு ஆறியிருக்க வேண்டும். சூடான பானட்டில் துடைப்புத் திரவம் தெளித்தவுடனே காய்ந்து திட்டாகும். 'வாட்டர்லெஸ் வாஷ்' திரவத்தைக் கஞ்சத்தனமின்றித் தெளித்து, அரை நிமிடம் ஊறவிடுக. அதிலுள்ள அழுக்குநீக்கி துகளைத் தளர்த்தும். வழுக்குப் பொருள் துகளுக்கும் பூச்சுக்கும் இடையே புகுந்து நிற்கும். மைக்ரோஃபைபர் துணியை இருமுறை மடித்தால் எட்டு முகம். ஒரு முகத்தைப் படியவைத்து, அழுத்தாமல், ஒரே திசையில் இழுத்து எடுக்க வேண்டும். கறுத்த முகத்தை மறுபடி காருக்குக் காட்டலாகாது. கூரையில் தொடங்கிக் கதவின் அடிப்பகுதியில் முடிப்பதே வைப்புமுறை. மணல் மிகுதியாக உறைவது அங்கேதான். வேறொரு உலர் துணியால் மெருகேற்றுக.

புறனடை இரண்டு. மழைச் சேறு அப்பிய காருக்கு இம்முறை ஆகாது. அதற்குத் தண்ணீர்தான் பீய்ச்ச வேண்டும். காய்ந்த காக்கை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். அதற்காக நாள் பார்க்கக்கூடாது, வெயிலில் அது பூச்சையே அரிக்கும்.

தூசில் விரலால் பெயரும் இதயமும் வரையும் சிறுவர் இலக்கியம் தனி ஆய்வுக்குரியது. விரலடியில் மணல் இருப்பதால், கழுவிய பின்னும் சில வரிகள் வெயிலில் வாசிக்கக் கிடைக்கின்றன. கல்வெட்டுத் துறையினர் கவனிக்க.

எஞ்சியிருப்பது, கை தவறித் தரையில் விழுந்த துணியின் நிலை. துவைக்கும்வரை அது காருக்கு விலக்கு. "ரெண்டு உதறு உதறிட்டுத் துடைச்சா போதும் சார்" என்றொரு பாடம் காவலாளிகளிடையே வழங்கி வருகிறது. அது இடைச்செருகல்.