பொன்மலைக்கும் ஒரு வரி போடுங்கள்

பெறுநர்: அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம், வாஷிங்டன்.
பொருள்: வரிப் பட்டியலில் விடுபட்ட திருச்சிப் பொன்மலைக்குத் தனி விகிதம் கோருதல்.
நாள்: செப்டம்பர் 2025

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த ஏப்ரல் 2 அன்று தங்கள் அரசு வெளியிட்ட இறக்குமதி வரிப் பட்டியலில் ஹெர்ட், மெக்டொனால்டு தீவுகளுக்கு 10 சதவீதம் கண்டோம். அங்கே குடியிருப்பு பென்குயின்கள்தான். பென்குயினுக்கு உள்ள மரியாதை பொன்மலைக்குக் கிடையாதா என்று டீக்கடையில் பேச்சு எழுந்தது. அதன் பேரில் இம்மனு.

விகிதத்தைக் கண்டுபிடிக்கும் சிரமம் தங்களுக்கு வேண்டாம் என்று கணக்கை நாங்களே போட்டுவிட்டோம். விகிதத்துக்குத் தாங்கள் வெளியிட்ட சூத்திரத்தில் இருந்த கிரேக்க எழுத்துகளைப் பார்த்து முதலில் பயம்தான். பிறகு பார்த்தால் ஒன்றின் மதிப்பு 4, இன்னொன்று 0.25, பெருக்கினால் 1. மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சும்மா அழகுக்கு நிற்கிறார்கள். மிச்சம் என்ன? வர்த்தகப் பற்றாக்குறையை இறக்குமதியால் வகுத்து, பெரிய மனதோடு பாதியாக்க வேண்டும். அவ்வளவே.

ஞாயிறு சந்தையில் தக்காளிக்கார அக்காவிடம் வாரம் தவறாமல் வாங்குகிறேன். அவர் என்னிடம் ஒரு இணுக்குக் கறிவேப்பிலைகூட வாங்கியதில்லை. பற்றாக்குறை நூற்றுக்கு நூறு, பாதியாக்கினால் 50. இறக்குமதி செய்பவர்தான் வரி கட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே பை வாசலைத் தாண்டும்போது என் மனைவி சுங்க அதிகாரியாக நின்று என்னிடம் நூற்றுக்கு 50 வசூலிக்கிறார். நான் வாங்குவதைக் குறைத்தால் அக்கா வழிக்கு வருவார் என்பது ஏற்பாடு. அக்கா வரவில்லை. ரசம்தான் நீர்த்துவிட்டது.

இதில் ஒரு விடுபாடு. தக்காளிக்குப் பணம் போனது கூகுள் பேயில். பக்கத்துக் கடைப் பெட்டி ‘பணம் வந்தது’ என்று கூவியது போன்பேயில். அதில் பெரும்பங்கு வால்மார்ட்டுக்கு. யூபிஐ என்னும் பாதை எங்களுடையது, மேலே ஓடும் வண்டிகள் தங்களுடையவை. கப்பலில் ஏறாத சரக்கு என்பதால் இவை தங்கள் கணக்கில் ஏறவில்லை போலும். சேவை வியாபாரத்தில் உலகத்தோடு தங்களுக்கு உபரிதான். அதையும் சேர்த்தால் பட்டியல் சப்பென்று ஆகிவிடும், புரிகிறது.

அடுத்தது எங்கள் கல். நகைக்கடையில் அமெரிக்கன் டைமண்ட் என்பார்களே, க்யூபிக் சிர்கோனியா. 1970களில் அதைத் தொழிற்சாலை அளவில் வளர்க்க வழி கண்டவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். பட்டை தீட்டியது திருச்சியும் சுற்றுக் கிராமங்களும், வீட்டுக்குள்ளேயே சக்கரம் வைத்து. பிறகு சீனாவிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கல் மலிவாக வந்திறங்கியது. பல வீடுகளில் சக்கரம் நின்றது. எங்களுக்காக யாரும் வரி அட்டை பிடித்து நிற்கவில்லை. இப்போதோ ரஷ்ய எண்ணெய் வாங்கிய குற்றத்துக்கு இந்தியாவுக்கு ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதம் போட்டு, மொத்தம் 50 ஆக்கியிருக்கிறீர்கள். பெயரில் அமெரிக்கா, பிறப்பில் ரஷ்யா, பட்டையில் திருச்சி: இந்தக் கல் பதித்த தோட்டுக்கு அபராதம் உண்டா? என் மனைவி கழற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

தொழிற்சாலைகளைச் சொந்த ஊருக்கே திருப்பிக் கொண்டுவரப் போவதாகவும் சொல்கிறீர்கள். அதில் எங்களுக்கு அனுபவம் உண்டு. பொன்மலையே பெயர்த்து நட்ட ஊர். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில் பணிமனையை, லண்டனில் பதிவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1920களில் இங்கே கொண்டுவந்தது. இயந்திரங்களைப் பத்திரமாக இறக்கியவர்கள் ஆட்களை எண்ணிப் பார்த்து ஆயிரக்கணக்கில் அதிகம் என்றார்கள். 1928இல் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம், தொழிலாளர் தலைவர் சிங்காரவேலருக்குச் சிறை. தாங்கள் பெயர்க்கும்போது ஆட்களை யார் எண்ணுவார் என்று எங்கள் ஊர்ப் பென்ஷன்காரர்கள் கேட்கச் சொன்னார்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஊட்டி மலை ரயிலுக்கு ஒரு காலத்தில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த எக்ஸ் வகை நீராவி இன்ஜினை இந்த நூற்றாண்டில் பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறது. வடிவம் ஸ்விஸ், அவர்களுக்கு 39. கை எங்களுடையது, எங்களுக்கு 50. இன்ஜின் நீலகிரியை விட்டு இறங்கி அமெரிக்கா வரும் உத்தேசம் எதுவும் இல்லை. அது தகுதிக் குறைவாகாது என்று நம்புகிறோம். இரண்டில் எது பெரிதோ அதையே போட்டு, ரசீதை மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் முகவரிக்கு அனுப்பவும்.

இப்படிக்கு,
ஞாயிறு சந்தையின் நிரந்தரப் பற்றாக்குறையாளன்,
பொன்மலை.