பிச்சி வெள்ளையும் கோழிக்கொண்டைச் சிவப்பும்: ரா ஃபைல் மாற்றியைத் தேர்தல் குறித்த நாஞ்சில் ஆய்வு

உண்மையை அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்திகள் வகுத்தனர். கல்யாணப் படத்தின் நிறத்தை அறியவும் இந்த மூன்றே போதும் என்பது இவ்வாய்வின் துணிபு. லைட்ரூமா, டார்க்டேபிளா, கேப்சர் ஒன்னா என்று நாகர்கோவில் ஸ்டுடியோக்களில் வாதம் தீராமல் இழுப்பதற்கு, மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதே காரணம்.

காட்சி என்பது கேமரா கண்டது. அது கண்டதோ சொற்பம். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, சென்சாரின் ஒரு புள்ளி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கும். பாதிப் புள்ளிகள் பச்சைக்குப் போக, மிச்சத்தை மற்ற இரண்டும் பாகம் பிரித்துக்கொள்ளும். ஆக, படத்திலுள்ள நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு, அக்கம்பக்கப் புள்ளிகளை விசாரித்து மென்பொருள் எழுதிச் சேர்த்தவை. அக்கம்பக்கத்தில் விசாரித்தே பெண் எடுக்கும் ஊரில் இதற்கு யாரும் முகம் சுளிக்க நியாயமில்லை.

இவ்விசாரணையே கருதல். அதில் மாற்றிக்கு மாற்றி வேறுபாடு உண்டு என்க. வேறுபாட்டைக் காண்பது எவ்வாறு எனின், பிற நாட்டார் 24 கட்ட வண்ண அட்டையை வைத்துச் சோதிப்பர். தோவாளைப் பூச்சந்தை பக்கத்தில் இருக்க நமக்கு அட்டை எதற்கு? கோழிக்கொண்டையை வெயிலில் வைத்து எடுத்தால், மற்ற நிறங்கள் அடக்கமாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. அத்தனை படி இருந்தும் பூவின் மடிப்பெல்லாம் மூடிச் சிவப்புக் கட்டியாகத் தரும் மாற்றியை எந்த விலையானாலும் தள்ளுக. மடிப்பைக் காப்பாற்றித் தருவதைக் கொள்க.

விலை பற்றியும் சிறிது. 2007-இல் லைட்ரூம் வந்தபோது ஒருமுறை காசு கொடுத்தால் தீர்ந்தது. 2015-இல் வந்த ஆறாம் பதிப்போடு அந்த வழக்கம் நின்று, இப்போது சந்தா. முகூர்த்தத்துக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. சந்தாவுக்கு எல்லா மாதமும் ஆகும். டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசம். ஆனால் டார்க்டேபிளின் மாட்யூல்களைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு வளைகாப்பு வந்துவிடும். தேரூர் குளத்தில் பறவை எடுப்பவருக்கு அவகாசம் உண்டு, அவர் படிக்கலாம். கேனானும் நிக்கானும் தாமே தரும் இலவச மென்பொருள்கள், கேமராவில் வைத்த நிறத்தை மதித்து நடப்பவை. அடுத்த கம்பெனியின் ரா ஃபைலை மட்டும் ஏறிட்டும் பாரா.

இனி உரை. மாப்பிள்ளையின் அத்தை திரைக்கு முன் வந்து உட்காருவார்.

“லேய் மக்கா, பிள்ள மொகம் என்னலே பச்சையாட்டு இருக்கு?”

“சரி பண்ணித் தாறேன் அத்தை.”

பச்சை எங்கிருந்து வந்தது? வெள்ளையைத் தொட்டுக் காட்டும் கருவியை ஸ்டுடியோத் தம்பி, பெண்ணின் தலையிலிருந்த பிச்சிப்பூவில் வைத்திருக்கிறான். பிச்சி மொட்டின் வெளிப்புறம் லேசான இளஞ்சிவப்பு. அதையே வெள்ளை என்று நம்பிய மென்பொருள், மொத்தப் படத்தையும் பச்சைக்குத் தள்ளிவிட்டது. கருதலில் பிழையில்லை; காட்டிய இடம் பிழை. லைட்ரூமில் தொட்டாலும் டார்க்டேபிளில் தொட்டாலும் இதே பச்சைதான் வரும் என்பதை, கட்சி கட்டி வாதிடுவோர் நோக்குக.

வேறெங்கே தொடலாம்? மாப்பிள்ளையின் வேட்டி எனில், நீலம் முக்கியது; அதைத் தொட்டால் படம் மஞ்சளுக்குச் சாயும். இதுவும் பிழையே. ஆயினும் மணப்பெண் மஞ்சளாக இருப்பதாக எந்த அத்தையும் ஆல்பத்தைத் திருப்பி அனுப்பியதில்லை. எனவே வேட்டியில் தொடுக.