வாட்டம் இருக்குது சார்

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிவிட்டால், தளத்துக்கு வாட்டம் வந்துவிட்டது என்று பொருள். ரசமட்டம் பையிலேயே தூங்கும். டியூபில் தண்ணீர் நிரப்பி இருவர் ஆளுக்கொரு முனை பிடித்து மட்டம் பார்ப்பதெல்லாம், அவர் கணக்கில், கண் சரியில்லாதவன் செய்கிற வேலை. "பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் குடுத்திருக்கேன் சார். ஒரு சொட்டு நிக்காது." எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டுவிடக் கூடாது. மூடிய கண்ணையும் திறந்து நம்மைப் பார்ப்பார்.

புதுச்சேரியில் ஐப்பசி பிறந்தால் கதை வெளியே வந்துவிடும். புதிதாக எழுப்பிய மாடியறையின் தலையில் தண்ணீர் குளம் கட்டி நிற்கும். மூலையில் வடிகுழாயின் வாய் மட்டும் உலர்ந்திருக்கும். தளத்தைவிட அரை அங்குலம் உயரத்தில் அல்லவா அதை வைத்திருக்கிறார்! சொல்லி அனுப்பினால் வந்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. வந்து, மறுபடி ஒரு கண்ணை மூடுவார்.

"நிக்கலையே சார். போயிட்டுத்தான் இருக்குது. மெதுவா போவுது."

மறுநாளும் போய்க்கொண்டே இருக்கும். கொசுப்புழு நெளியத் தொடங்கிய பிறகும் போய்க்கொண்டே இருக்கும். இன்னொரு நாள் காரணம் மாறும்: "கடல் காத்து இந்தப் பக்கம் தள்ளுது சார்." பிறகு, "புதுத் தளம், கொஞ்சம் குடிக்கும்." குடித்தது என்னவோ நிஜம். பழைய தளமும் புதியதும் சேரும் இடத்தில் குடித்துவிட்டு, கீழே பீரோவின்மேல் கக்கியது.

ஃபெஞ்சல் புயல் இவருக்கென்றே வந்தது. 2024 நவம்பர் 30 இரவு அது கரையைக் கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. "கிருஷ்ணா நகர்ல மிலிட்டரியே வந்து ஆளைத் தூக்குச்சு. உங்க மாடியில நாலு குடம் நிக்கக் கூடாதா?" அடுத்த வருஷம் போட்ட தளம் ஒழுகினாலும் பழி ஃபெஞ்சலுக்குத்தான்.

பழைய மெட்ராஸ் டெரஸ் பேச்சை எடுத்தால் ஆள் வேறாகிவிடுவார். தேக்குச் சட்டத்தின்மேல் செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாட்கணக்கில் கட்டையால் அடித்த கதை. அதில் அவர் அம்மாவும் ஒருத்தி. தண்ணீர் சுமந்த பையன் இவர். சொல்லும்போது இரண்டு கண்ணும் திறந்திருக்கும். அந்த நேரத்தில் இவரிடம் கோபப்பட முடியாது.

ஆனால் கோபப்படத்தான் வேண்டும். தட்டோடு பதிப்பதற்கு முன்னால் ரெண்டு குடம் தண்ணீரை ஊற்றி எங்கே ஓடுகிறது என்று பார்த்திருந்தால் போதும். செலவில்லாத சோதனை. அப்போதே கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரி செய்யலாம். ஓடு பதித்துவிட்டால் உடைத்தாக வேண்டும். தண்ணீர் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடும் என்று தெரிந்துதான் அவர் ஊற்றுவதில்லை. உடைக்கிற கூலி, மறுபடி பதிக்கிற கூலி, வாட்டர்ப்ரூஃப் மருந்து, எல்லாம் நம் கணக்கில்.

இந்த முறை கணக்கைத் தீர்த்துவிட்டு வேறு ஆளைப் பார்ப்போம் என்றிருக்கையில், காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு அவரே யோசனை சொன்னார்:

"மேல இன்னொரு ரூம் போட்டுட்டா, இந்தத் தளத்துல மழையே விழாது சார்."