வடக்கே நேராகப் போனால் பனிமலை

எங்கள் சமயநல்லூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலைக்கு தேசிய நெடுஞ்சாலை 44 என்று பெயர். ஒரு முனை கன்னியாகுமரி, மறுமுனை ஸ்ரீநகர். ஊர்ப் பெரியவர்களிடம் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்று சொன்னால்தான் விளங்கும். அந்தப் பழைய ரோடு வாரணாசியோடு முடிந்துவிடும். காசிக்கு அப்பால் போக அந்தக் காலத்தில் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. 2010இல் நம்பர்களை மாற்றியபோது வேறு சில சாலைகளோடு ஒட்டுப்போட்டு காஷ்மீர் வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ஆக, பைபாஸ் டீக்கடையில் வடக்கே பார்த்து நின்றால் திண்டுக்கல், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், டெல்லி, ஜம்மு, ஸ்ரீநகர். அங்கிருந்து 50 கிலோமீட்டர் போனால் குல்மார்க்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் பெருமையாகச் சொல்லப்போக, கல்லூரியில் படிக்கும் மகள் பிடித்துக்கொண்டாள். “அப்பா, அப்ப இந்த வருஷம் ஸ்கீயிங் போவோம்.”

மார்கழியில் மதுரையில் 20 டிகிரி வந்துவிட்டால் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக வாக்கிங் போகிற குடும்பம் இது. காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு மைனஸ் எட்டில் மலைச்சரிவில் சறுக்குவதற்கு எந்த ஊர் தோது என்று அன்று ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். மணாலிப் பக்கம் சோலங் பள்ளத்தாக்கும் இருக்கிறதுதான். ஆனால் போட்டி என்று வந்தது காஷ்மீரின் குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் ஔலிக்கும்தான்.

மகள் குல்மார்க் கட்சி. அங்கே ரோப்காரை ‘கொண்டோலா’ என்கிறார்கள். முதல் கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் ஓட ஆரம்பித்தன. இரண்டாவதில் ஏறினால் அஃபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துக்காரர்தான் என்றாள். “அவருக்கு அது சொந்த ஊரும்மா, நமக்கு?” என்றாள் என் மனைவி.

மச்சினன் தபால் துறையில், திருச்சியில் வேலை. அவனும் குல்மார்க்தான். ஆனால் பனிக்காக அல்ல, எல்.டி.சி.க்காக. மத்திய அரசு ஊழியர் சொந்த ஊருக்குப் போகும் சலுகையை விட்டுக்கொடுத்தால், பதிலுக்கு ஜம்மு காஷ்மீருக்கு விமானத்தில் போய்வர ஒரு வழி இருக்கிறது. “திருச்சியிலருந்து சமயநல்லூருக்கு பஸ் சார்ஜு எம்புட்டு, ஸ்ரீநகருக்கு பிளைட்டு சார்ஜு எம்புட்டு, நீங்களே சொல்லுங்க மச்சான்.” கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சலுகை அவன் குடும்பத்துக்கு மட்டும். என் டிக்கெட் என் பாடு என்பதை அவன் கடைசிவரை வாய்திறந்து சொல்லவில்லை.

அம்மாவும் முதலில் காஷ்மீர்தான். 1961இல் ஸ்ரீதர் ஜெமினியையும் வைஜயந்திமாலாவையும் காஷ்மீருக்கே கூட்டிப்போய் ‘தேன் நிலவு’ எடுத்தார் அல்லவா, அந்தக் காலத்துத் தலைமுறைக்குப் பனிமலை என்றால் அதுதான். நமக்கெல்லாம் பனியைச் சொல்லிக்கொடுத்ததே சினிமாதானே! கதாநாயகன் ஸ்வெட்டர், கோட்டு, கையுறை என்று மூட்டையாக நிற்பான். கதாநாயகி ஷிபான் புடவையில் ஓடுவாள். யாருக்கும் சளிகூடப் பிடிக்காது.

என் மனைவிக்குக் கொண்டை ஊசி வளைவு ஆகாது. வத்தலக்குண்டு தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைப்பாள், கொடைக்கானல் ஏரி தெரியும் வரை எடுக்கமாட்டாள். நகத்தால் கீறிக் கீறி, ஊர் போய்ச் சேரும்போது பழத்தில் தோலே இருக்காது. அவளுக்கு இரண்டு கேள்விகள்தான்: எந்த ஊரில் வளைவு குறைவு, எந்த ஊரில் மத்தியானம் சோறு கிடைக்கும். ஸ்ரீநகரில் இறங்கினால் குல்மார்க்குக்கு டங்மார்கிலிருந்து 13 கிலோமீட்டர்தான் மலையேற்றம். ஔலிக்கோ ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரைக்கும் 250 கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்க வளைவு. அங்கிருந்து ஔலிக்குச் சுமார் நான்கு கிலோமீட்டருக்கு ஒரு ரோப்கார் உண்டு. ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல்விட, அதை நிறுத்தினார்கள்.

குல்மார்க் மட்டும் என்ன யோக்கியம்? 2024 ஜனவரியில் மாசக் கடைசி வரை அங்கே பனியே விழவில்லை. நமக்குக் கத்திரி வெயில் மாதிரி அவர்களுக்கு ‘சில்லை கலான்’, டிசம்பர் 21இல் தொடங்கி 40 நாள் கடுங்குளிர். அதன் நட்டநடுவில் சரிவெல்லாம் காய்ந்த புல். ஒரு ஊரில் மேலே பனி நிச்சயமில்லை, இன்னொரு ஊரில் கீழே தரை நிச்சயமில்லை. காசு கட்டுகிறவன் நான் என்பதால் எனக்கு இரண்டுமே உறுத்தின.

சறுக்குவதற்கு எது நல்லது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அஃபர்வாட்டின் செங்குத்துச் சரிவு, பனிச்சரிவு அபாயத்துக்கும் அஞ்சாமல் வெளிநாட்டிலிருந்து பறந்து வருகிற கைதேர்ந்தவர்களுக்கு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஔலியின் சரிவு போதும். 2011இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டியை அங்கேயும் நடத்தியிருக்கிறார்கள். சமவெளியிலேயே தடுக்கி விழுகிறவர்களுக்கு எது என்று சொல்லத் தேவையில்லை.

தீர்ப்பு வந்தது அழகர்கோவிலிலிருந்து. அம்மாவோடு அங்கே போய்வரும் பஜனைக் கோஷ்டி அம்மாள் ஒருத்தி, “ஜோஷிமட்டா? அது திருப்பிரிதில்ல! திருமங்கையாழ்வார் பாடின திவ்யதேசமாச்சே” என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே ஜெமினி தோற்றார். குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை சாத்தியிருக்கும் என்று சொல்லிப்பார்த்தேன். “பத்ரி சாத்தினா என்ன, ஜோஷிமட்டுல நரசிம்மர் தொறந்துதான இருப்பாரு? நீங்க சறுக்கிட்டு வாங்க, நான் சேவிச்சுட்டு உக்காந்திருக்கேன்” என்றார் அம்மா. திவ்யதேசத்துக்கு எதிராக ஓட்டுப்போடும் துணிச்சல் மருமகளுக்கும் இல்லை. மச்சினன் மட்டும், உத்தராகண்டுக்கு அந்தச் சலுகை செல்லாது என்பதால், “ஆபீஸ்ல லீவு தரமாட்டாங்க மச்சான்” என்று விலகிக்கொண்டான்.

மார்கழி சமயத்தில் மதுரைக்கு ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியர்களிடம் போனோம். கடை போட்டிருந்த அம்மாள் நல்ல தமிழில், “ஊட்டிக்கா அண்ணா?” என்றார். இமயமலைக்கு, ஔலிக்கு என்றோம். நான் எடுத்து மார்போடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்வெட்டரை மெதுவாக வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டார். “இது மதுரைக்குப் போடுறது. அங்க போட்டா குளுருல வெறச்சிருவீங்க.” விற்க வந்தவர் வேண்டாம் என்று சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

மற்றதெல்லாம் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது. முந்தாநாள் மனைவி கொடுத்த சீட்டோடு காய்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அம்பது எலுமிச்சம்பழமா? காளியம்மனுக்கு மாலையா சார்?”

“இல்லண்ணே, வாந்திக்கு.”