சுவிட்ச் சொல்லும் சேதி

நம் அந்தமானில் மழை பிடித்ததும் வந்த கடிதங்களில் பாதி சுவிட்ச் போர்டைப் பற்றியவை. அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதற்கே.

கே: சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்குகிறது. "வீட்டில் ஏதோ இருக்கிறது" என்கிறார் மாமியார்.
(டெலானிபூர் வாசகி)

ப: மாமியார் சொல்வது சரி. இருப்பது கரண்ட்! அணைந்திருக்கும்போது சுவிட்சில் குட்டி இண்டிகேட்டர் எரிகிறதா? அதன் வழியே கசியும் துளிக் கரண்டே எல்.இ.டி. மினுங்கப் போதும். குண்டு பல்பு அதைச் சட்டையே செய்திருக்காது. இதில் ஆபத்தில்லை, இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் தீர்ந்தது.

இண்டிகேட்டரே இல்லையென்றால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவரில் ஈரம் இறங்கியிருக்கலாம். அல்லது சுவிட்ச் ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்து நிற்கும். பல்பு மாற்றப் போகிற கையில் ஷாக் அடிக்கும். ஒரு விளக்கில் மட்டும் இப்படி என்றால் அந்தப் பாயின்டில் வயர் மாறியிருக்கிறது. வீடு முழுக்க என்றால் மெயினுக்கு வரும் இடத்திலேயே ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கே: நாலு நாளாக ஹாலில் மீன் வாடை. வீட்டில் மீனே வாங்கவில்லை!
(ஜங்லிகாட் வாசகர்)

ப: மீன் இறங்குகிற ஊரில் மீன் வாடையை யார் சந்தேகப்படுவார்கள்? நீங்கள் சந்தேகப்பட்டீர்களே, நல்லது. சுவிட்ச், சாக்கெட்டுகளில் உள்ள சில பிளாஸ்டிக், பிசின் வகைகள் சூடேறிக் கருகும்போது மீன் வாடைதான் அடிக்கும். போர்டின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ, ஓரத்தில் பழுப்பேறியிருந்தாலோ மெயினை அணையுங்கள். ஆள் வந்து பிரித்துப் பார்க்கும்வரை போட வேண்டாம். ஊதுவத்தி கொளுத்தி வாடையை மறைப்பது எதற்கும் உதவாது.

கே: மதுரையில் அண்ணன் வீட்டுப் போர்டு இருபது வருடமாக அப்படியே இருக்கிறது. என் வீட்டில் ஐந்தே வருடத்தில் நாறிவிட்டது. ஏன்?
(ஹட் பே வாசகர்)

ப: மதுரையில் கடல் இல்லை. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமும் மழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. கூடவே நாள் தவறாமல் உப்புக்காற்று.

போன ஐப்பசியில் என் வீட்டுக் குளியலறைக்கு வெளியே இருக்கும் போர்டை, மெயினை அணைத்துவிட்டுத் திறந்தேன். மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடு. ஒரே திருகாணிக்குக் கீழே மூன்று வயர். செம்பு நுனியில் பச்சைக் களிம்பு. ஒரு வயரை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. இத்தனை நாள் அந்த விளக்கு எரிந்தது இரண்டு இழைச் செம்பின் தயவில்!

களிம்பு பிடித்தால் கரண்டுக்குத் தடை, தடையால் சூடு, சூட்டில் திருகாணி தளரும், தளர்ந்தால் பொறி பறக்கும். வரிசை இதுதான். களிம்பேறிய நுனியை வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பு தெரியும்வரை சீவி, இறுக்கமாக முறுக்கித் திருகச் சொல்லுங்கள். ஒரு திருகாணியில் வயர்களைக் குவிக்க விடாதீர்கள். வெளிச்சுவரில் ரப்பர் வளையம் வைத்த பெட்டி போடுங்கள். வயர் அடிப்பக்கமாக நுழையட்டும். மேலே துளை போட்டால் மழைத்தண்ணீருக்கு நாமே வாசல் திறந்துவிட்ட மாதிரி.

கே: தங்கும் விடுதி அறையில் டிம்மர் இருக்கிறது. குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டதிலிருந்து விளக்கு துடிக்கிறது. பல்பு மட்டமா, டிம்மர் மட்டமா?
(ஹேவ்லாக் வாசகர்)

ப: இரண்டுமே நல்லதுதான், ஜோடிதான் சரியில்லை. நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று, அதாவது 100 அரைச்சுற்று. ஒவ்வொரு அரைச்சுற்றின் தொடக்கத்தையும் கொஞ்சம் நறுக்கிவிட்டு மீதியைத்தான் பழைய டிம்மர் அனுப்பும். அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா 1959இல் உருவாக்கிய வழி அது. குண்டு பல்பின் இழை சூட்டிலேயே இருப்பதால் நறுக்கியது கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி.க்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் அதில் தடுமாறும். மேலும் 60 வாட் இருந்த இடத்தில் இப்போது 9 வாட். இவ்வளவு குறைந்த சுமையில் பழைய டிம்மர் ஒழுங்காக ஓடாது. 'டிம்மபிள்' என்று அட்டையில் போட்ட பல்பும், எல்.இ.டி.க்கென்றே செய்த டிம்மரும் சேர்த்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிக் காசு வீண்.

கே: ஃபேன் ரெகுலேட்டரையே விளக்குக்கு வைத்தால்?
(ரங்கத் வாசகர்)

ப: வேண்டாம். விளக்கு டிம்மரை ஃபேனுக்கு வைப்பதும் வேண்டாம். ஃபேன் உறுமும், டிம்மர் சூடேறும்.

கே: சுவிட்சைப் போடும்போது 'டக்' என்று கேட்காமல் 'சர்ர்' என்கிறது.
(பாம்பூ ஃபிளாட் வாசகி)

ப: அந்த 'டக்'தான் சுவிட்சின் உயிர். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹோம்ஸ் 1884இல் கொண்டுவந்த யோசனை அது: விரல் எவ்வளவு மெதுவாக அமுக்கினாலும் உள்ளே தொடர்பு சட்டென்று விலக வேண்டும். மெல்ல விலகினால் இடைவெளியில் பொறி நின்று எரியும். 'சர்ர்' என்பது அந்தப் பொறியின் சத்தம். இன்றே மாற்றுங்கள்.

கே: சாலை மேட்டில், வீடு பள்ளத்தில். படிக்கட்டு விளக்குக்கு இரண்டு சுவிட்ச். மேலே போட்டிருந்தால்தான் கீழே வேலை செய்கிறது.
(ஹேடோ வாசகர்)

ப: டூ-வே சுவிட்சில் மூன்று முனை. ஒன்று பொது முனை, பெரும்பாலும் நடுவில் இருக்கும். அந்த வயரும் பக்கத்து வயரும் ஏதோ ஒரு சுவிட்சில் இடம் மாறியிருக்கின்றன. அண்மையில் எந்தச் சுவிட்சை மாற்றினீர்களோ, முதலில் அதைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

கே: சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்ததே! பிறகும் ஏன் விளக்கு மங்கி மங்கி எரிகிறது?
(டிக்லிபூர் மாணவர்)

ப: 2020 ஆகஸ்டில் தொடங்கியது இன்டர்நெட் கேபிள். அதில் கரண்ட் நம் வீட்டுக்கு வராது. நம் மின்சாரம் தீவிலேயே பிறக்கிறது: பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர், உங்கள் ஊர்ப் பக்கம் கல்பாங் ஆற்றின் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம், தெற்கே நெய்வேலி என்.எல்.சி. அமைத்த சூரிய மின் நிலையம். சின்ன கட்டமைப்பு என்பதால் சுமை ஏறி இறங்கினால் விளக்கிலும் தெரியும். எனவே முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கேயும் மங்கினால் கோளாறு வெளியே. உங்கள் வீட்டில் மட்டும், அதுவும் ஒரே அறையில் மட்டும் என்றால் அங்கே எங்கோ லூஸ் காண்டாக்ட்.

கே: டெஸ்டர் எரியவில்லை என்றால் தைரியமாகத் தொடலாமா?
(மாயாபந்தர் வாசகர்)

ப: கூடாது. டெஸ்டரே செத்திருக்கலாம். முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு சோதியுங்கள். மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் பாருங்கள். மூன்றும் சரியென்றால்தான் நம்பலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க மறக்காதீர்கள். மெயினை இறக்கிய மறுநொடி அது தன் வேலையைத் தொடங்கி, நீங்கள் கை வைக்கும் வயருக்கே கரண்ட் கொடுக்கும்.

கே: என் வீட்டுக்காரர் படகில் போனால் வர ஒரு வாரம் ஆகும். நானே எவ்வளவு தூரம் கை வைக்கலாம்?
(கராச்சர்மா வாசகி)

ப: மெயினை அணைத்துவிட்டுப் பல்பு மாற்றலாம். எது, எப்போது, எந்த மழையில் கெட்டது என்று குறித்து வைக்கலாம். எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை அதில் முடிந்துவிடும். போர்டைப் பிரிப்பது உரிமம் பெற்றவர் வேலை. மெயின் பெட்டியில், கரண்ட் கசிந்தால் தானே விழும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் பண்டிகைச் செலவுக்கு முன்னால் அதை வாங்குங்கள். மாதம் ஒருமுறை அதன் 'டி' பொத்தானை அமுக்குங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, மெயின் பெட்டியில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, சின்னத் தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். 'சமையலறை', 'மாடி', 'மோட்டார்' என்று பிள்ளையின் கையெழுத்து அங்கே இருந்தால், நடுராத்திரி மீன் வாடை வந்தாலும் உங்கள் கை தேடாமல் சரியான இடத்துக்குப் போகும்.