மூன்று எட்டு இருபத்துநாலு

ஆரம்ப சுகாதார நிலையக் கணக்கு அழகானது. நாளுக்கு 24 மணி நேரம், மூன்று செவிலியர், ஆளுக்கு 8. மீதியே வராது. மூவரில் ஒருவருக்குக் காய்ச்சலோ, பிள்ளைக்குக் காதுகுத்தோ வந்தால்தான் மீதி வரும். அதை மற்ற இருவரும் சுமப்பார்கள்.

வேப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விருத்தாசலம்–சின்னசேலம் சாலை வெட்டுகிறது. விபத்துக்கு ஷிப்ட் தெரியாது. பக்கத்து விருத்தாசலத்துச் சூளையில் பீங்கான் பொம்மை வேகவாவது நேரக்கணக்கு உண்டு; பிரசவ வலிக்கு அதுவும் இல்லை. ஷிப்ட் முடிந்து செவிலியர் மருந்தை எண்ணி, ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, பையைத் தோளில் மாட்டும்போதுதான் குரல் வரும்: "சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு, கொஞ்சம் பாருங்க." அந்தக் "கொஞ்சம்" முடிவதற்குள் விருத்தாசலம் பஸ் போய்விடும். கூடுதல் நேரத்தை எழுத அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

2017 நவம்பரில், மாதம் 7,700 ரூபாய் வாங்கிய ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்தில் போராட உட்கார்ந்தார்கள். போராட்டத்தை விட்டுப் பணிக்குத் திரும்பச் சொன்னது உயர் நீதிமன்றம். பணியை விட்டு நேரத்தோடு வீட்டுக்குத் திரும்பச் சொல்லத்தான் இன்னும் ஆளில்லை.