திருவாளர் வெனிலா

சித்திரை வெயிலில் லஸ் முனையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் கூட்டத்தில் திருவாளர் வெனிலாவைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. ஆள் வருமுன்பே வாசனை வந்து இடம் பிடித்துவிடும்: வெண்ணெயில் வறுத்த பாதாம், கருகும் தறுவாயில் சர்க்கரைப் பாகு, அதன்மேல் தாராளமாக வெனிலா. கசங்காத சட்டை, காதில் இயர்பட்ஸ், தோளில் ஆபீஸ் பை. ஆட்டோ ஏறியதும் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்த மாமி அந்தப் பையையே பார்க்கிறார். "ஏம்ப்பா, கேக் வாங்கிண்டு போறியா? யாருக்குப் பொறந்த நாள்?" "கேக் இல்ல மாமி, சென்ட்." மாமிக்கு ஏமாற்றம், அவருக்குப் பெருமை. அந்தப் புட்டியின் விலைக்குத் தீபாவளி பட்சணம் மொத்தத்தையும் முடித்துவிடலாம் என்பது மாமிக்குத் தெரியாதவரை இருவருக்கும் நிம்மதி.

இதெல்லாம் மேனாட்டு மோகம் என்று அவரைத் தள்ளிவிடுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. தின்பண்டம்போல் மணக்கும் இந்த சென்ட் வகையைப் பிரபலமாக்கியது, பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் தியரி முக்லரின் பெயரில் 1992இல் வந்த 'ஏஞ்சல்' என்பது உண்மைதான். அதில் தூக்கலாக இருந்த எத்தில் மால்ட்டால் பஞ்சுமிட்டாய் வாசனை தரும் ரசாயனம். ஆய்வுக்கூட வெனிலின் அதற்கும் மூத்தது, 1874ஆம் ஆண்டுச் சரக்கு. ஆனால் தின்கிற பண்டத்தின் மணத்தை மேலே பூசிக்கொள்வதை மயிலாப்பூருக்குப் பாரிஸ் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. சர்க்கரைப் பொங்கலில் விழும் பச்சைக் கற்பூரமே சந்தனத்தோடு குழைந்து மார்பிலும் ஏறுகிறது. இலவங்கமும் சாதிக்காயும் வெற்றிலைக்கு மணமூட்டியது பழைய வழக்கம். ஆகவே திருவாளர் வெனிலாவின் ரசனையில் குற்றமில்லை. குற்றம் அளவில் இருக்கிறது.

அந்த அளவைத் தீர்மானிக்கும் இரண்டு நீதிபதிகளுமே நம்பத்தகாதவர்கள். முதலாவது, ஏசி போட்ட கடை. தி.நகர் கடைக்குள் காகிதப் பட்டையில் முகர்ந்தபோது அடக்கமாக இருந்த வாசனை, ரங்கநாதன் தெருவில் சூடான தோலில் மளமளவென்று ஆவியாகி எழும்பும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசான வாசனைகள் சீக்கிரமே விடைபெற்றுவிடும். கனமான வெனிலின் போகாது. காலையில் அடித்தது சாயங்காலம்வரை சட்டைக் காலரில் குடியிருக்கும், நடுவில் வேர்வையோடும் உறவு கொண்டாடும். இரண்டாவது நீதிபதி அவருடைய மூக்கு. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு பழகிப்போய் அதைக் கண்டுகொள்ளாது. "அதுக்குள்ள போயிடுச்சே!" என்று அவர் மதியம் இன்னும் நாலு தடவை அடிப்பது அதனால்தான். பரிமாறுபவருக்கு ருசி தெரியவில்லை என்பதற்காகப் பந்தியில் எல்லார் இலையிலும் மேலும் மேலும் பாயசம் விழுகிறது. மார்கழியில் சபாவில் மூன்றாவது வரிசையில் அவர் அமர்ந்தால், தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு நழுவும் கூட்டத்துக்கு மிருதங்க வித்வான் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பசியைக் கிளப்பியதில் இவருக்கும் பங்குண்டு.

"என் காசு, என் தோல்" என்பார். தோல் அவருடையதுதான், ஷேர் ஆட்டோக் காற்று ஏறிய எல்லாருக்கும் பொது. "மல்லிப்பூ மட்டும் மணக்கலையா?" என்றும் கேட்பார். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் மாட வீதியில் மல்லிகை முழக்கணக்கில் விற்கிறது. கல்யாணப் பெண்ணைத் தவிர வேறு யாரும் தலையில் பத்து முழம் சுமப்பதில்லை. பூ பொழுது சாய்ந்தால் வாடி, தானாகவே ஒதுங்கியும்விடும். புட்டிக்கு முழமும் கிடையாது, வாட்டமும் கிடையாது. எனவே சென்ட் அடித்துக்கொள்பவர்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் சட்டைக்குள் ஒரே ஒரு தடவை, மார்கழியில் இரண்டு. போதுமா என்ற சந்தேகம் வந்தால் சொந்த மூக்கைக் கேட்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவர் "யாருக்குப் பிறந்த நாள்?" என்று திருப்பிக் கேட்டால், அடித்தது அதிகம்.